பம்ப் ஓடியும் சர்க்கரை இறங்கவில்லையா? இன்ஃப்யூஷன் செட்டைக் கவனியுங்கள்!

டைப் 1 சர்க்கரை நோயுள்ளவர்கள் தினமும் நான்கைந்து முறை ஊசி போட்டுக்கொள்வதற்குப் பதிலாக இன்சுலின் பம்ப் பொருத்திக்கொள்வதை இப்போது நம் குடும்பங்களிலும் காண முடிகிறது. பம்பிலிருந்து இன்சுலினைக் கொண்டு வரும் மெல்லிய குழாய், தோலுக்குள் இருக்கும் கேனுலா என்ற சிறு நுனி, அதைப் பிடித்திருக்கும் ஒட்டுப்பட்டை ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் இன்ஃப்யூஷன் செட். பம்பின் விலை லட்சக்கணக்கில் இருக்கலாம். ஆனால் தொல்லை பெரும்பாலும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றி எறியும் இந்தச் செட்டில்தான் வருகிறது. அதை உடனே கண்டுபிடிக்க வீட்டில் உள்ள அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரம்?

ஊசி போட்டுக்கொள்பவர் உடலில் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் இருக்கும். ஒரு வேளை ஊசி தவறினாலும் அது ஓரளவு தாங்கிக்கொள்ளும். பம்பில் நிரப்புவதோ விரைவாக வேலை செய்யும் இன்சுலின் மட்டுமே. பம்ப் அதைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்துகிறது. அது நின்றுவிட்டால் சில மணி நேரத்தில் உடலில் இன்சுலினே இல்லாத நிலை வந்துவிடும். அப்போது உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. கீட்டோன் என்ற அமிலம் இரத்தத்தில் சேருகிறது. இது முற்றினால் டயபடிக் கீட்டோஅசிடோசிஸ் என்ற உயிராபத்தான நிலை உண்டாகும்.

இரவு 11 மணிக்குக் கேனுலா மடங்கினால், ஃபஜ்ருக்கு எழும்போது பிள்ளை வயிற்று வலியோடும் வாந்தியோடும் இருக்கலாம். ‘ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை’ என்று எண்ணி ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தால் பொன்னான நேரம் போய்விடும். பம்ப் போட்டிருப்பவர் வாந்தி எடுத்தால் முதலில் சர்க்கரையையும் கீட்டோனையும் பாருங்கள். மற்ற காரணங்களைப் பிறகு தேடலாம்.

பம்ப் எச்சரிக்கை தராதா?

எல்லா நேரமும் தராது. குழாயில் அழுத்தம் கூடினால்தான் அடைப்பு எச்சரிக்கை ஒலிக்கும். மணிக்கு அரை யூனிட் மட்டுமே செல்லும் சிறு பிள்ளைக்கு அந்த அழுத்தம் சேரப் பல மணி நேரம் ஆகலாம். கேனுலா தோலை விட்டு வெளியே வந்து, இன்சுலின் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தால் அழுத்தமே கூடாது, பம்பும் ஒலிக்காது. ‘இன்சுலின் போய்விட்டது’ என்று திரை காட்டினால், கருவி அதை வெளியே தள்ளிவிட்டது என்றுதான் பொருள். உடலுக்குள் சேர்ந்ததா என்பது கருவிக்குத் தெரியாது.

அடிக்கடி வரும் கோளாறுகள்

கேனுலா மடங்குதல்: மென்மையான டெஃப்லான் கேனுலாவில் இது நடக்கும். செட் மாற்றிய சில மணி நேரத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கினால் இதைச் சந்தேகியுங்கள். மெலிந்த உடல்வாகு உள்ளவர்களுக்குச் சாய்வாகச் செருகும் செட்டோ, மடங்காத எஃகு ஊசி செட்டோ பொருந்தலாம். எஃகு ஊசியை டெஃப்லானை விடச் சீக்கிரமாக, பொதுவாக இரண்டு நாளுக்குள் மாற்ற வேண்டும்.

கசிவு: ஒட்டுப்பட்டை ஈரமாக இருப்பதும், இன்சுலினுக்கே உரிய மருந்து வாடை வீசுவதும் இதன் அடையாளங்கள்.

காற்றுக்குமிழ்: குழாயில் இரண்டரை செ.மீ. நீளத்துக்குக் காற்று இருந்தால் ஏறத்தாழ அரை யூனிட் இன்சுலின் குறையும். பெரியவருக்கு இது சிறிது. சிறு பிள்ளைக்கு ஒரு மணி நேர அளவே போய்விடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த இன்சுலினை அறை வெப்பத்துக்கு வந்த பிறகு நிரப்பினால் குமிழ் குறையும்.

இரத்தம்: குழாயிலோ கேனுலாவிலோ இரத்தம் தெரிந்து சர்க்கரையும் ஏறினால் செட்டை மாற்றிவிடுங்கள்.

தோல் தடிப்பு: ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி உருவாகும். அங்கே வலி தெரியாது என்பதால் பிள்ளைகள் அதே இடத்தைக் கேட்பார்கள். ஆனால் அங்கிருந்து இன்சுலின் சரியாக உறிஞ்சப்படாது. அந்த இடத்தை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவு இன்சுலின் அதிகமாக வேலை செய்து சர்க்கரை தாழ்ந்துவிடலாம். எனவே மாறிய முதல் நாள் அடிக்கடி சோதியுங்கள்.

சீழ், சிவப்பு, சூடு: செட்டைக் கழற்றி வேறு பக்கம் பொருத்துங்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.

சர்க்கரை ஏறினால் செய்ய வேண்டியவை

கீழே உள்ளவை பொதுவான நடைமுறை. உங்கள் மருத்துவர் தனியாக எழுதிக் கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

1. சென்சாரை மட்டும் நம்பாமல் விரலில் குத்திப் பாருங்கள்.

2. சர்க்கரை 250 மி.கி.க்கு மேல் (மலேசியா, சிங்கப்பூர் அளவில் ஏறத்தாழ 14 மில்லிமோல்) இருந்தால் கீட்டோன் சோதியுங்கள். இரத்தத்தில் பார்ப்பது சிறந்தது. இயலாவிட்டால் சிறுநீர் ஸ்ட்ரிப்பாவது வீட்டில் இருக்கட்டும்.

3. கீட்டோன் 0.6க்குக் கீழே இருந்து, செட்டிலும் குறை தெரியாவிட்டால் பம்ப் வழியாகவே திருத்த அளவைக் கொடுக்கலாம். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள்.

4. சர்க்கரை இறங்கவில்லை என்றாலோ, கீட்டோன் 0.6 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ பம்பை நம்பாதீர்கள். மருத்துவர் குறித்துத் தந்த அளவைப் பென் அல்லது சிரிஞ்ச் மூலம் முதலில் போடுங்கள். அதன் பிறகு இன்சுலின் குப்பியில் தொடங்கிக் கேனுலா வரை அனைத்தையும் புதிதாக, வேறு இடத்தில் பொருத்துங்கள்.

5. பென்னில் போட்டது பம்புக்குத் தெரியாது. தானாக அளவு கூட்டும் வகைப் பம்ப் என்றால் அது மேலும் மேலும் கொடுத்துவிடலாம். அந்தத் தானியங்கி முறையை எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

6. தண்ணீர் நிறையக் குடிக்க வையுங்கள். ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சோதியுங்கள். சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினை நிறுத்தக் கூடாது.

7. கீட்டோன் 1.5ஐத் தாண்டினால் மருத்துவரை அழையுங்கள். 3 ஆனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ஆழ்ந்து வேகமாக மூச்சு வாங்கினாலோ, மயக்கம் தெரிந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே முதல் வார்த்தையாக ‘டைப் 1, இன்சுலின் பம்ப், கீட்டோன் ஏறியிருக்கிறது’ என்று சொல்லுங்கள்.

செட் மாற்றும்போது

படுக்கப் போகும் நேரத்தில் மாற்றாதீர்கள். உணவுக்கு முன் மாற்றினால், உணவுக்கான இன்சுலின் புதிய செட் வழியாகச் செல்லும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது வேலை செய்கிறதா என்று விழித்திருக்கும்போதே தெரிந்துவிடும்.

குழாயை இன்சுலினால் நிரப்பும்போது அது உடலோடு இணைந்திருக்கவே கூடாது. இணைந்திருந்தால் பல யூனிட் ஒரேயடியாக உள்ளே போய்விடும்.

தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளியும், முந்தைய இடத்திலிருந்து குறைந்தது இரண்டரை செ.மீ. தள்ளியும் பொருத்துங்கள். கைலி முடிச்சும் பாவாடை நாடாவும் பெல்ட்டும் இறுகும் இடம் வேண்டாம். ஸ்பிரிட் நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்டுங்கள். ருகூவிலும் ஸுஜூதிலும் குழாய் இழுபடாமல் இருக்க, அதை ஒரு சிறு வளையமாகச் சுற்றி டேப் போட்டு ஒட்டிவிடலாம்.

நோன்பும் பயணமும்

ஊட்டத்துக்காக அல்லாமல் சிகிச்சைக்காகப் போடும் ஊசிகள் நோன்பை முறிக்காது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1997இல் ஜித்தாவில் நடந்த தன் 10ஆவது அமர்வில் தீர்மானித்தது. இன்சுலினும் அத்தகைய சிகிச்சை மருந்தே. சர்க்கரை பார்க்க விரலில் குத்துவதும் நோன்பை முறிக்காது. எனவே நோன்பு என்பதற்காகச் சோதனையையோ இன்சுலினையோ தவிர்க்க வேண்டியதில்லை. ஆனால் டைப் 1 நோயாளி நோன்பு நோற்கலாமா என்பது வேறு கேள்வி. ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் பேசி முடிவெடுக்க வேண்டும். நோயுற்றவர்களுக்கான சலுகையைக் குர்ஆனே (2:184, 185) வழங்கியிருக்கிறது.

மருத்துவர் அனுமதியோடு நோற்பவர்கள் செட்டை இஃப்தார் நேரத்தில் மாற்றுவது நல்லது. தராவீஹ் முடிந்து வரும்போது அது சரியாக வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். சஹர் முடித்து, மாற்றிவிட்டு உறங்கிவிடுவது ஆபத்து. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டுதல். கீட்டோன் ஏறியிருக்கும்போது தண்ணீர் குடிக்காமல் இருப்பது நிலைமையை மோசமாக்கும்.

வயிறு, தொடை, மேல்கை ஆகியவை உளூவில் கழுவும் உறுப்புகள் அல்ல. அங்கே செட் இருப்பதால் உளூவுக்குத் தடையில்லை. குளிப்புக்கு, குழாயுள்ள பம்பைக் கழற்றி வைக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் கழற்றியபடி இருக்க வேண்டாம். ஒட்டுப்பட்டையின் மீது கடமையான குளிப்பை நிறைவேற்றும் முறையை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹஜ், உம்ராவுக்குச் செல்பவர்களும் வளைகுடாவில் வசிப்பவர்களும் வெயிலை மறக்கக் கூடாது. சூட்டில் இன்சுலின் வீரியம் இழக்கும். நிறுத்திய காரில் பம்பையோ குப்பியையோ வைக்காதீர்கள். பனிக்கட்டியோடு நேரடியாகவும் வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது.

எப்போதும் கூடவே இருக்க வேண்டிய பை

இரண்டு செட், ரிசர்வாயர், பேட்டரி அல்லது சார்ஜர், இன்சுலின் பென்னும் ஊசியும், குளுக்கோமீட்டர், கீட்டோன் ஸ்ட்ரிப், சர்க்கரை தாழ்ந்தால் கொடுக்கக் குளுக்கோஸ். இவற்றோடு பம்பின் மணி நேர அளவுகள், திருத்த அளவு, பம்ப் முழுவதும் நின்றுவிட்டால் போட வேண்டிய நீண்ட நேர இன்சுலின் அளவு, மருத்துவர் எண் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். ஒரு பிரதியைப் பள்ளிக்கும் மதரஸாவுக்கும் கொடுங்கள். பென் எப்படிப் போடுவது என்று தாய்க்கு மட்டுமல்ல, தந்தைக்கும் பாட்டிக்கும் மூத்த பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.

காரணமின்றிச் சர்க்கரை ஏறினால் முதல் சந்தேகம் செட்டின் மீது. கீட்டோன் இருந்தால் முதலில் பென், அப்புறம் புதிய செட். இந்த வரிசையை வீட்டில் எல்லோரும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

நோயுற்ற அனைவருக்கும் வல்ல இறைவன் பூரண சுகத்தை வழங்குவானாக. ஆமீன்.