தோடர் பூத்தையல்

நீலகிரித் தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கருப்பு நூல்களால் இழையெண்ணிச் செய்யும் பூவேலை. இவ்வேலை அமைந்த போர்வை 'பூத்துக்குளி' எனப்படும்; ஆண், பெண் இருபாலரும் போர்த்துவர்.

வரலாறு: நீலகிரி 1868இல் தனி மாவட்டமாகும் முன் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. தோடர் நெசவு செய்வதில்லை. துணியைப் பிறரிடமே வாங்கினர். தையலின் தொன்மை பற்றி ஒருமித்த கருத்து இல்லை. தோடரைப் பற்றிய முதல் ஐரோப்பியக் குறிப்பு 1603ஆம் ஆண்டு மலையேறிய ஃபினிசியோ பாதிரியாருடையது எனக் கருதப்படுகிறது. அடுத்த இரு நூற்றாண்டுகளுக்குச் சான்றுகள் அரிது.

விரிவான பதிவு, மானிடவியலாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901–02இல் தோடர் குடியிருப்புகளான மந்துகளில் திரட்டியது; 1906இல் எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூலாக வெளிவந்தது. இறந்தவரின் உடலைப் பூத்துக்குளியால் போர்த்துவதையும், இழவுக்கு உறவினர் துணி கொண்டுவந்து சாத்தும் முறையையும் அதில் காணலாம். உடலோடு துணியும் எரியூட்டப்படும். பழந்துணிகள் அரிதாக இருப்பதற்கு இவ்வழக்கமும் ஒரு காரணமாகலாம். ஒரு பெண் கண்ணும் விரலும் நோகத் தைத்த போர்வை, அன்புக்குரியவரின் கடைசி உடையாகிவிடுகிறது.

செய்முறை: சட்டமோ வரைபடமோ கிடையாது. துணியின் பின்புறமிருந்து பாவையும் ஊடையையும் எண்ணி ஊசி செலுத்துவர். ஒவ்வொரு தையலிலும் நூல் சற்றே தளர விடப்படுவதால் பூவேலை மேடிட்டு, தொட்டால் விரலுக்குத் தட்டுப்படும். தொலைவில் நெய்தது போலவே தெரியும். இருபுறமும் பயன்படும். எருமைக் கொம்பு போன்ற வடிவங்கள் இடம்பெறும்.

ஜப்பானின் ட்சுகாரு பகுதிக் 'கோகின்' தையலும் இழையெண்ணுவதே. அங்கு உழவர் பெண்கள் குளிர் தாங்க, நீலச் சணல் துணியில் வெள்ளைப் பருத்தி நூலால் ஒற்றைப்படை இழைகளை எண்ணித் தைத்தனர். இரண்டுக்கும் தொடர்பு உண்டெனக் கொள்ளச் சான்றில்லை.

பேணல்: சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்காதபடி முதலில் ஓரத்தை நனைத்துப் பார்க்க வேண்டும். குளிர்ந்த நீரில் தனியே அலசி, முறுக்காமல் நிழலில் விரித்து உலர்த்துதல் நன்று. மேடிட்ட தையல் அமுங்காமலிருக்கப் பின்புறமே இஸ்திரி போடுவர். மடிப்பை அவ்வப்போது மாற்றாவிடில் இழை அங்கேயே இற்றுவிடும். ஜப்பானியர் வறண்ட நாள் பார்த்து ஆடைகளைக் காற்றாட விரிப்பதும், நம் வீடுகளில் பெட்டிக்குள் வசம்பு இடுவதும் பூச்சிக்கு அஞ்சியே.

அண்மைக்காலம்: 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சால்வை, பை, மேசை விரிப்பு ஆகியவையும் விற்பனைக்கு வருகின்றன.