தேக்கடிப் படகும் மூழ்கிய காடும்

மழைக்காட்டு விலங்குகளைப் படகிலிருந்து காண்பது என்றதும் அமேசானும் போர்னியோவுமே நம்மவர் நினைவுக்கு வரும். அத்தனை தொலைவு போக வேண்டியதில்லை. தாம்பரத்திலிருந்து ஓரிரவுப் பயணத்தில் குமுளி, அதையடுத்துத் தேக்கடி. ஆயின், அங்கே படகு செல்லும் நீர்ப்பரப்பு இயற்கை தந்ததன்று.

மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்த பெரியாற்றின் நீரை, மலையைக் குடைந்து கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்ப எண்ணினர் சென்னை மாகாண ஆட்சியாளர். 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசு 999 ஆண்டுக் குத்தகைக்கு உடன்பட்டது. பென்னிகுவிக் மேற்பார்வையில் எழுந்த அணை 1895-இல் திறக்கப்பட்டது. நீர் தேங்கத் தேங்க, பள்ளத்தாக்கின் காடு நின்ற நிலையிலேயே மூழ்கியது. நூறாண்டு கடந்தும் அம்மரங்களின் கருத்த தண்டுகள் நீருக்கு மேல் தலைநீட்டுகின்றன. நீர்க்காகங்கள் அவற்றின்மேல் அமர்ந்து சிறகுலர்த்துகின்றன. மதுரைச் சீமையின் வயல்கள் செழித்த கதையை நாம் பலகால் பேசியிருக்கிறோம். அதற்கு விலையாய்ப் போன இக்காட்டைப் பேசியது குறைவே.

1934-இல் நெல்லிக்காம்பட்டிச் சரணாலயம் அமைந்தது. 1950-இல் அது பெரியாறு சரணாலயமாக விரிந்தது. 1978-இல் புலிகள் காப்பகமாயிற்று.

படகுக்கு இங்கே ஏன் இத்தனை சிறப்பு? பசுமை மாறாக் காட்டில் நடந்து செல்பவர் கண்ணுக்குப் பத்தடிக்கு அப்பால் எதுவும் புலப்படாது. ஏரியோ திறந்த வெளி. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது கரையெங்கும் இளம்புல் தளிர்க்கிறது. அதை மேய யானையும் காட்டெருதும் மிளாவும் இறங்கி வருகின்றன. மிளாவைத் தேடிச் செந்நாய் வருகிறது. ஆக, நீர் ஏறுவதும் இறங்குவதும் விலங்குகளின் உணவோடு தொடர்புடையவை. 1979-இல் 136 அடியாகக் குறைக்கப்பட்ட நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்த 2014-இல் உச்சநீதிமன்றம் இசைந்தது. உழவரின் உரிமை அதில் நிலைநாட்டப்பட்டது, அது நியாயமே. கரையோரப் புல்வெளியின் கணக்கும் அவ்வழக்கில் பேசப்பட்டது என்பதை நம் பக்கத்தார் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். நம் செம்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகளும் மனிதர் கட்டியவையே. அவற்றை நாடிவரும் பறவைகள் அதை அறியா.

படகின் வரலாற்றில் ஒரு கறுப்பு நாளும் உண்டு. 2009 செப்டம்பர் 30 அன்று 'ஜலகன்யகா' என்னும் ஈரடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். கரையில் நின்ற விலங்குகளைக் காணப் பயணிகள் ஒருபுறமாகத் திரண்டதும், படகின் அமைப்பிலிருந்த குறைகளும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அதன் பின்னரே பயணிகள் அனைவருக்கும் உயிர்காப்பு மேலாடை கட்டாயமாயிற்று.