ஈரத்துக்கு அஞ்சிய கோல்

தண்ணீரை ஒட்டியே வாழ வேண்டிய பொருள் ஒன்று, தண்ணீரால்தான் கெட்டுப்போகும் என்றால் அதைச் செய்பவர் என்ன செய்வார்? தூண்டில் கோலின் கதை முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நகர்கிறது. மரம், மூங்கில், கண்ணாடியிழை, கரியிழை என்று கோல் உடம்பை மாற்றிக்கொண்டே வந்தது. அதைத் துடைத்துப் பேணும் முறையும் கூடவே மாறியது.

1496-இல் விங்கின் டி வோர்டு என்ற அச்சகர் இங்கிலாந்தில் வெளியிட்ட மீன்பிடிப் பாடம் ஒன்று, கோல் செய்யும் வழியைச் சொல்கிறது. வில்லோ போன்ற மரத்தின் கொம்பை வெட்டி, சூட்டடுப்பில் வாட்டி நிமிர்த்தி, வாரக்கணக்கில் காயவிட வேண்டும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் நடுச்சோற்றைச் சுட்டுத் துளையிட்ட பிறகு, வீட்டுக் கூரையடியில் புகையில் தொங்கவிட்டு முற்றிலும் உலர்த்த வேண்டும். கடைசியில் இரு முனையிலும் இரும்பிலோ பித்தளையிலோ பூண் போட வேண்டும். மீனைப் பற்றி யோசிக்கும் முன்பே ஈரத்தைப் பற்றி யோசித்தாக வேண்டியிருந்தது.

அடுத்த பெரிய மாற்றம் அமெரிக்காவில் வந்தது. பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில் சாமுவேல் ஃபிலிப்பி என்றொருவர் துப்பாக்கியும் வயலினும் செய்துகொண்டிருந்தார். 1840களின் நடுவில் அவர் கை மூங்கில் பக்கம் திரும்பியது. மூங்கிலின் வலு அதன் தோலை ஒட்டிய நாரில்தான் இருக்கிறது, உள்ளே போகப் போகச் சோறுதான். ஆகவே மூங்கிலைப் பத்தையாகப் பிளந்து, உள்பக்கத்தைச் சீவி, தோல் வெளியே தெரியும்படி ஒன்றோடொன்று ஒட்டினார். கோலின் நுனியை மட்டும் இப்படிச் செய்யும் பழக்கம் இங்கிலாந்தில் முன்பே இருந்தது. ஃபிலிப்பியும் அவர் வழிவந்தவர்களும் அதைக் கோல் முழுவதற்கும் கொண்டுபோனார்கள். 1870களில் ஹைரம் லியனார்டு, முக்கோணமாகச் சீவிய ஆறு பத்தைகளைச் சேர்த்த அறுகோணக் கோலை இயந்திரத்தின் துணையோடு செய்து கடைக்கு அனுப்பினார்.

முதலில் இதற்குப் பயன்பட்டது இந்தியாவிலிருந்து போன மூங்கில். கப்பலேறிய துறைமுகத்தின் பெயரால் அதைக் கல்கத்தா மூங்கில் என்றார்கள். அதில் தீ வாட்டிய தழும்புகள் இருக்கும், நல்ல பத்தை தேற நிறையக் கழிக்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் அந்த இடத்தை டோங்கின் மூங்கில் பிடித்தது. பெயர் வியட்நாமைச் சுட்டினாலும் விளைவது தென்சீனத்துக் குவாங்டாங் பகுதியில். கணுக்கள் தள்ளித் தள்ளி இருக்கும், நார் அடர்த்தியாக இருக்கும்.

அருமையான கோல்தான், ஆனால் அதை ஒட்டியிருந்தது விலங்குப் பசை. ஈரம் பட்டால் இளகிவிடும். பத்தைகள் பிரியாமல் இருக்க, சில அங்குலத்துக்கு ஒரு கட்டு என்று பட்டுநூல் சுற்றினார்கள். அந்தக் கட்டுகளின் மேல் வார்னிஷ் பூசினார்கள். இன்று அலங்காரம் போலத் தெரியும் அந்த வண்ணநூல் வரிசை, பசையின் பலவீனத்துக்குப் போட்ட காவல்.

அதனால் அந்தக் காலத்து மீன்பிடிப்பவருக்கு மாலையில் தனி வேலை இருந்தது. துண்டுகளாகச் செருகி இணைத்த கோலைக் கழற்றும்போது முறுக்கக் கூடாது, நேராக இழுக்க வேண்டும், முறுக்கினால் பத்தை பிளக்கும். உலர்ந்த துணியால் ஒவ்வொரு துண்டையும் துடைத்து, துணிப்பையில் போட்டுத் தொங்கவிட வேண்டும். மூலையில் சாய்த்து வைத்தால் சாய்ந்த வளைவு அப்படியே நின்றுவிடும். ஈரத்தோடு கோல் வைக்கும் குழலில் மூடினால் வார்னிஷ் கொப்பளிக்கும். போதாததற்குப் பட்டில் நெய்த தூண்டில் நரம்பையும் உருளையிலிருந்து எடுத்து உலர்த்தி, கொழுப்புத் தடவ வேண்டும். 1938-இல் அறிமுகமான நைலான் பிறகு தூண்டில் நரம்பாகவும் வந்து அந்த ஒரு வேலையை மிச்சப்படுத்தியது.

மூங்கிலுக்கே ஈரத்திலிருந்து விடுதலை கொடுக்க முயன்றவர் வெஸ் ஜோர்டன். வெர்மான்ட்டின் ஆர்விஸ் நிறுவனத்தில் 1940களில் அவர் மூங்கில் நாருக்குள் பேக்கலைட் வகைப் பிசினை ஊறச் செய்தார். வார்னிஷே தேவைப்படாத மூங்கில் கோல் பிறந்தது. ஆனால் அதே வேளையில் ஆர்தர் ஹோவால்டு என்ற அறிவியலாளர் கண்ணாடியிழையில் கோல் செய்யும் வழியைக் கண்டிருந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு ஷேக்ஸ்பியர் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1950-இல் கொரியப் போரை ஒட்டி அமெரிக்கா சீன வணிகத்துக்குத் தடை போட்டது, டோங்கின் மூங்கில் வரத்து நின்றது. விலை மலிவு, மட்காது, வளைந்தால் நிமிரும் என்று கண்ணாடியிழை வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. 1960களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்தில் வலுவான கரியிழை உருவானது. 1973-இல் ஃபென்விக் நிறுவனம் அதைக் கோலாக்கி அமெரிக்கச் சந்தையில் வைத்தது.

இத்தோடு துடைக்கும் வேலை ஒழிந்தது என்று பலர் நினைத்தார்கள். உண்மையில் தொல்லை இடம் மாறியது. கரியிழைத் தண்டை ஈரம் ஒன்றும் செய்யாது. ஆனால் நரம்பு ஓடும் வளையங்களின் உலோகக் காலும், உருளையைப் பிடிக்கும் திருகும் துருவுக்கு இலக்கு. கடல்நீர் காய்ந்தால் உப்பு அந்த இடுக்குகளில் போய் உட்காரும். அதனால் கடலிலிருந்து திரும்பியதும் நல்ல தண்ணீரை மெதுவாக ஓடவிட்டுக் கழுவ வேண்டும். குழாயை வேகமாகப் பீய்ச்சினால் உப்பு இன்னும் உள்ளேதான் போகும். வளையக் காலடியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கலாம். கார்க் பிடிக்கு மிதமான சோப்புத் தண்ணீர் போதும். இணைப்பு முனையில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்தால் துண்டுகள் சிக்காது, தளராது. பையில் போடுமுன் உலர வேண்டும் என்ற விதி மட்டும் மூங்கில் காலத்திலிருந்து மாறவில்லை. ஈரத்தோடு மூடினால் இன்றும் நூல்கட்டின் மேலுள்ள எபாக்சிப் பூச்சு கொப்பளிக்கும்.

கரியிழைக்கென்று புதிய எச்சரிக்கைகளும் உண்டு. தூண்டிலின் ஈயக்குண்டு பட்ட சின்னக் கீறல் பிறகொரு நாள் பாரம் ஏறும்போது முறிவாக மாறும். கரி மின்சாரத்தைக் கடத்தும், ஆகவே மின்கம்பிக்கு அடியில் கோலை உயர்த்தவே கூடாது.

துடைக்கும்போதே செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. கொஞ்சம் பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுழற்றிப் பாருங்கள். எங்கே பஞ்சு இழை மாட்டுகிறதோ அங்கே விரிசல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த விரிசல்தான் நரம்பைத் தேய்த்து அறுக்கும். பெரிய மீன் தப்பியதற்கு நாம் கடைக்காரரின் நரம்பைத் திட்டிக்கொண்டிருப்போம். கோலுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை வளையங்களுக்குக் கொடுப்பதே நியாயம்.