ஒரே 500 யூனிட்... வீட்டுக்கு ரூ.1,805, கடைக்கு ரூ.5,000-க்கு மேல்! கரண்ட் பில் கணக்கு இதுதான்

மாடியில் வீடு, கீழே கடை. இரண்டிலும் ஓடியது 500 யூனிட்தான். ஆனா பில் மட்டும் ஏன் இவ்வளவு மாறுது? தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் அமலான கட்டணப்படி கணக்கைப் பார்ப்போம்.

வீட்டுக்கு எவ்வளவு?

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால், ஒரு யூனிட்டுக்கு:

• 101 – 200: ரூ.2.35
• 201 – 400: ரூ.4.70
• 401 – 500: ரூ.6.30

500 யூனிட்டுக்கு மொத்தம் ரூ.1,805.

501-ல் என்ன சிக்கல்?

ஒரே ஒரு யூனிட் கூடினாலும் 101 – 200 யூனிட்டுக்கான ரூ.2.35 சலுகை போயிடும், அதற்கும் ரூ.4.70 கட்டணும். 501-வது யூனிட்டுக்கு ரூ.8.40. பில் ரூ.2,048.40 ஆகிறது. அதாவது, அந்த ஒரு யூனிட்டின் விலை ரூ.243.40!

கடைக்கு எவ்வளவு?

இலவச யூனிட் கிடையாது. 2024 ஜூலை கட்டணப்படி, மாதம் 50 யூனிட்டுக்குள் என்றால் யூனிட்டுக்கு ரூ.6.45, அதைத் தாண்டினால் ரூ.10.15 என்று இருந்தது. இதுபோக, ஒரு கிலோவாட்டுக்கு மாதம் ரூ.107 நிலைக்கட்டணமும் அப்போது இருந்தது. வீடுகளுக்கு நிலைக்கட்டணம் இல்லை. 2 கிலோவாட் இணைப்புள்ள கடை 500 யூனிட் ஓட்டினால் பில் ரூ.5,000-ஐத் தாண்டும். மின்சார வரி தனி.

ஏன் இந்த வித்தியாசம்?

வீடுகளுக்கான சலுகையில் ஒரு பகுதியை அரசு மானியமாகத் தருகிறது. இன்னொரு பகுதி, வணிக நிறுவனங்களும் தொழிற்சாலைகளும் கட்டும் கூடுதல் கட்டணத்தில் இருந்து வருகிறது. இதற்குப் பெயர் குறுக்கு மானியம்.

அப்போ வீட்டு இணைப்பிலேயே கடை நடத்தலாமா?

கூடாது. வீட்டு இணைப்பில் இருந்து கடைக்கு மின்சாரம் எடுப்பது, மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-ன்படி அங்கீகாரமற்ற பயன்பாடு. பிடிபட்டால் உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டிவரும்.

கவனிக்க வேண்டியது

கணக்கெடுக்க வருவதற்கு ஒரு வாரம் முன்னாடியே மீட்டரைப் பாருங்க. போன ரீடிங்கைக் கழித்தால் இதுவரை ஓடிய யூனிட் தெரியும். 480-ஐ நெருங்கிவிட்டால் ஏசி, கீசரைக் கொஞ்சம் குறைத்தாலே போதும், ரூ.243 மிச்சம்.