இலையில் தெரியாத கொழுப்பு: தீட்டிய அரிசியும் இரத்தக் கொழுப்பும்

உணவில் சேரும் எண்ணெய், இடுப்பைச் சுற்றிப் படியும் சதை, இரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும் எண்கள் ஆகிய மூன்றையும் தமிழில் ‘கொழுப்பு’ என்றே சொல்கிறோம். சொல் ஒன்றாக இருப்பதால் காரணமும் ஒன்றே என்று கருதிவிடுகிறோம். ட்ரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பு கூடியிருப்பதை அறிந்ததும் தாளிக்கும் எண்ணெயைக் குறைப்பவர்கள்கூட, சோறு, இட்லி, தோசையின் அளவைத் தொடுவதில்லை. ட்ரைகிளிசரைடு ஏறி, ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்.டி.எல். இறங்குவதாக நம்மிடையே மிகுந்து காணப்படும் இரத்தக் கொழுப்புக் கோளாற்றுக்கு எண்ணெயைவிடத் தீட்டிய தானியத்தின் அளவே முதன்மையான உணவுக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். எடை மட்டுமே அளவுகோல் ஆகாது. புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், தம்மையும் பிரிட்டிஷ் மருத்துவர் யுட்கினையும் ஒப்பிட்டு 2004இல் வெளியிட்ட குறிப்பு புகழ்பெற்றது. இருவரின் உடல் நிறை குறியெண்ணும் 22.3. ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. மெலிந்து தோன்றும் இந்திய உடலிலும் கொழுப்பு வயிற்றில் ஒளிந்திருக்கக்கூடும். நமக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. இடுப்புச் சுற்றளவே எச்சரிக்கை எல்லையாக வகுக்கப்பட்டிருப்பது இதனால்தான்.

மாவுச்சத்து கொழுப்பாவது எப்படி? வேகவைக்காத 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்து உண்டு. அது குளுக்கோஸாகி, தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது. அந்தச் சேமிப்பிடம் சிறியது. உழைப்பால் அது காலியாகாத உடலில், இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காத ‘இன்சுலின் எதிர்ப்பு’ நிலையும் சேர்ந்துகொண்டால், கல்லீரல் மிகுதிக் குளுக்கோஸின் ஒரு பகுதியைக் கொழுப்பு அமிலமாக்குகிறது; அதை ட்ரைகிளிசரைடாகக் கட்டி இரத்தத்தில் விடுகிறது. அந்தத் துகள்கள் எச்.டி.எல்.லுடன் கொழுப்பைப் பரிமாறிக்கொள்வதால் எச்.டி.எல். விரைவில் சிதைந்து குறைகிறது. ட்ரைகிளிசரைடு ஏறுவதும் எச்.டி.எல். இறங்குவதும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள்.

சென்னையில் நடந்த ‘கியூர்ஸ்’ ஆய்வு இதற்குச் சான்று தருகிறது. அங்கு அன்றாட ஆற்றலில் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியங்களிலிருந்தே, பெரும்பாலும் வெள்ளையரிசியிலிருந்தே, வந்தது. அவற்றை மிகுதியாக உண்டோரிடம் இடுப்புச் சுற்றளவும் ட்ரைகிளிசரைடும் கூடியும், எச்.டி.எல். குறைந்தும் இருந்தன. இது தொடர்பைக் காட்டும் ஆய்வேயன்றிக் காரணத்தை நிறுவுவதன்று. எனினும் மேற்கண்ட உடலியங்கியல் விளக்கம் அத்தொடர்புக்கு வலுச் சேர்க்கிறது.

‘நம் பாட்டன்மாரும் சோறுதானே உண்டார்கள்?’ என்ற மறுப்பு நியாயமானது. அவர்கள் உண்ட மாவுச்சத்தை ஏரும் ஏற்றமும் எரித்தன. அந்த உழைப்பு போய்விட்டது. சோற்றின் அளவு போகவில்லை. அரிசிக்குப் பதில் அதே அளவு கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ உண்பதும் போதிய தீர்வன்று. மொத்த மாவுச்சத்து குறையாமல் தானியத்தை மட்டும் மாற்றினால் நீரிழிவு, வயிற்றுப் பருமன் ஆகியவற்றின் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘ஐ.சி.எம்.ஆர்.–இந்தியாப்’ ஆய்வு 2025இல் தெரிவித்தது.

எனில் எண்ணெய் குற்றமற்றதா? இல்லை. நிறைவுற்ற கொழுப்பு, ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்.டி.எல்.லை உயர்த்தும் என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. அமெரிக்காவில் 609 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ‘டயட்ஃபிட்ஸ்’ சோதனையில், கொழுப்பைக் குறைத்தோரும் மாவுச்சத்தைக் குறைத்தோரும் ஓராண்டில் ஏறக்குறைய ஒரே அளவு எடை இழந்தனர். ஆனால் மாவுச்சத்தைக் குறைத்தோரிடம் ட்ரைகிளிசரைடு கூடுதலாக இறங்கியது; கொழுப்பைக் குறைத்தோரிடம் எல்.டி.எல். சற்று நன்றாக இருந்தது. ஆகவே பரிசோதனைச் சீட்டை வரிவரியாகப் படித்து, எந்த எண் பிறழ்ந்திருக்கிறதோ அதற்குரிய உணவைத் திருத்துவதே முறை.

இதைத் தனிமனிதக் கட்டுப்பாட்டின் பொறுப்பாக மட்டும் விட்டுவிடலாகாது. தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது; துவரம் பருப்போ குடும்ப அட்டைக்கு மாதம் 1 கிலோதான்; மலிவாகக் கிடைக்கும் பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. பசியை வென்ற அந்த அரிசியின் அருமையை மறுக்க முடியாது. ஆனால் ஏழையின் தட்டில் சோறு குறைய வேண்டுமானால், அந்த இடத்தை நிரப்பப் பருப்பும் பயறும் முட்டையும் அவர் கைக்கு எட்டும் விலையில் இருக்க வேண்டும். அதற்கு வழி செய்யாமல் ‘சோற்றைக் குறையுங்கள்’ என்று மட்டும் சொன்னால், அது அவரைப் பட்டினி கிடக்கச் சொல்வதாகவே முடியும்.