புனித மேரி ஆலயமும் இடம்பெயர்ந்த கல்லறைக் கற்களும்

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் உள்ள புனித மேரி ஆலயம், இந்தியாவில் இன்று நிலைத்திருக்கும் ஆங்கிலிக்கன் ஆலயங்களுள் மிகப் பழமையானது. அதன் முற்றத்தில் பாவப்பட்டுள்ள கல்லறைக் கற்களைக் காண்போர், உடல்கள் அவற்றின் அடியிலேயே புதைக்கப்பட்டிருப்பதாகக் கருதுவர். ஆனால் அவற்றுள் பல, வேறோர் இடத்திலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்டவை. கட்டடத்தின் வடிவத்தைப் போலவே முற்றத்தின் தோற்றத்தையும் போரே தீர்மானித்தது.

ஆளுநர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் காலத்தில், கோட்டையில் வாழ்ந்த ஆங்கிலேயரின் நன்கொடையைக் கொண்டு 1678 மார்ச் 25 அன்று பணி தொடங்கியது. அந்நாள் மரியாளின் மங்கள வார்த்தைத் திருநாள். ஆலயத்தின் பெயர்க் காரணமும் அதுவே. 1680 அக்டோபர் 28 அன்று ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. இதனை வடிவமைத்தவர் கோட்டையின் தலைமைப் பீரங்கியாளரான எட்வர்ட் ஃபவுல் எனக் கருதப்படுகிறது. கட்டடத்தைக் காணும்போது இக்கருத்து பொருந்துவதாகவே தோன்றுகிறது. சுவர்கள் சுமார் 4 அடி தடிப்புடையவை. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வளைத்துக் கட்டப்பட்ட கூரை சுமார் 2 அடி தடிப்புடையது. குண்டு விழுந்தால் தீப்பற்றக்கூடிய மரச்சட்டம் கூரையில் இல்லை. கோபுரம் பின்னர்ச் சேர்க்கப்பட்டது.

ஆங்கிலேயரின் முதல் இடுகாடு கோட்டைக்கு வெளியே, பிற்காலத்தில் சட்டக் கல்லூரி எழுந்த நிலப்பகுதியில் இருந்தது. 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அங்கிருந்த உயரமான கல்லறைகள் தாக்குவோருக்கு மறைவிடமாயின. முற்றுகை நீங்கியபின் ஆங்கிலேயர் அவற்றை இடித்து, எழுத்துப் பொறித்த கற்களை ஆலய முற்றத்தில் பாவினர். அங்கும் அவை நிலைத்திருக்கவில்லை. ஹைதர் அலியுடன் போர் மூண்ட 1782ஆம் ஆண்டில் சில கற்கள் பெயர்க்கப்பட்டுப் பீரங்கி மேடைகளுக்குப் பயன்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அவை முற்றத்திற்குத் திரும்பின. 1680இல் அர்ப்பணிக்கப்பட்ட ஆலயத்தில், 1652இல் இறந்த எலிசபெத் பேக்கரின் கல் இருப்பது இந்தப் பின்னணியிலேயே விளங்கும். இதற்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு: 1827இல் இறந்து கூத்தியில் அடக்கம் செய்யப்பட்ட ஆளுநர் தாமஸ் மன்றோவின் உடல் எச்சங்கள் 1831இல் இவ்வாலயத்திற்குக் கொணரப்பட்டன.

பெயரும் நாளும் கற்களில் இன்றும் உள்ளன. ஆனால் யார் யாருக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார் என்னும் சான்று அவற்றிடம் இல்லை. வரலாற்றாய்வுக்கு இது சிறிய இழப்பன்று. குடும்ப உறவு, தகுதி வேறுபாடு, சமயப் பிரிவு ஆகியன இடுகாட்டின் அமைப்பிலேயே வெளிப்படுபவை. இடிபடாமல் பழைய இடத்திலேயே எஞ்சிய நினைவுத்தூண் ஒன்று இதனைத் தெளிவாக்குகிறது. ஆலயப் பதிவேட்டின் முதல் திருமணம், 1680 நவம்பர் 4 அன்று எலிஹு யேலுக்கும் ஜோசப் ஹின்மர்ஸின் கைம்பெண்ணான கேதரினுக்கும் நடைபெற்றது. ஹின்மர்ஸ் அதே ஆண்டில் இறந்தவர். யேல் – கேதரின் இணையரின் மகன் டேவிட் குழந்தைப் பருவத்திலேயே இறந்தபோது, தாயின் முதல் கணவருடைய கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டான். அந்தத் தூண் உயர் நீதிமன்றத்தை அடுத்த பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இன்றும் நிற்கிறது.