கலகத்தின் பின்னே வந்த கட்டுரை

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் நகர் எரிந்ததோடு முடிந்துவிடவில்லை. அழற்படு காதையை அடுத்துக் கட்டுரை காதை ஒன்று இருக்கிறது. மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன்னே வர அஞ்சி, அவள் பின்னே வந்து நின்று, நிகழ்ந்தவற்றின் காரணத்தை எடுத்துரைக்கிறது. அங்கே ‘கட்டுரை’ என்னும் சொல்லுக்கு இன்று நாம் கொள்ளும் பொருள் இல்லை என்பதை அறிவேன். ஆயினும், ஒரு காலம் தீப்பற்றி எரிந்தபின் அதன் பின்னே வந்து நின்று பேசும் எழுத்து எது என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்தக் காதையே நினைவுக்கு வருகிறது.

1960-களின் அமெரிக்க இளைஞர் கலகம் நமக்கு வந்து சேர்ந்தது பாடல்களாகவும் நீண்ட கூந்தலாகவுமே. ஆனால் அக்காலத்தின் உள்முகத்தை அறிய விரும்புவோர் இன்றும் தேடிச் செல்வது ஒரு பெண் எழுதிய கட்டுரைகளை. அவர் ஜோன் டிடியன் (1934–2021). கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில், பல தலைமுறைகளாக அம்மண்ணில் வேரூன்றிய குடும்பத்தில் பிறந்தவர். 1964 தேர்தலில் பழமைவாதியான பாரி கோல்ட்வாட்டருக்கு வாக்களித்தவர். கலகக்காரர்களின் தோழி என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அந்த விலகல்தான் அவருக்குக் கண் கொடுத்தது; அதுவே அவர் கண்ணை மறைக்கவும் செய்தது என்பது என் எண்ணம்.

1967 ஜனவரி 14 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் இளைஞர்கள் பல்லாயிரவர் கூடினர். 1962, 63-இல் கல்கத்தாவில் தங்கி வங்கத்து இளங்கவிஞர்களோடு பழகிச் சென்ற ஆலன் கின்ஸ்பெர்க் அங்கே மந்திரம் ஓதினார். பூங்காவை அடுத்த ஹைட்-ஆஷ்பரி என்னும் பகுதிக்கு நாடெங்கிலுமிருந்து பிள்ளைகள் வீட்டை விட்டு ஓடிவரத் தொடங்கினர். டிக்கர்கள் என்று தம்மை அழைத்துக்கொண்ட குழுவினர் அவர்களுக்கு இலவசமாக உணவளித்தனர். எல்.எஸ்.டி. என்னும் மயக்க மருந்தை 1966 அக்டோபரிலேயே அம்மாநிலம் தடைசெய்திருந்தது. தடையைப் பொருட்படுத்தியவர் அங்கே அதிகமில்லை.

அவ்வாண்டு வசந்தத்தின் இறுதியில் டிடியன் அங்கே சென்று தங்கித் திரிந்தார். அவர் எழுதியது செப்டம்பரில் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ என்னும் குடும்ப இதழில் வெளிவந்தது. மறு ஆண்டு அதன் தலைப்பையே தலைப்பாகக் கொண்டு அவருடைய முதல் கட்டுரைத் தொகுதி வந்தது: ‘ஸ்லவ்ச்சிங் டுவர்ட்ஸ் பெத்லஹேம்’. முதல் உலகப் போரின் இடிபாடுகளுக்கிடையே யேட்ஸ் எழுதிய கவிதையிலிருந்து எடுத்த தலைப்பு அது.

அந்தக் கட்டுரையின் அமைப்பைக் கவிஞர்கள் கவனிக்க வேண்டும். நாம் வகுப்பறையில் கற்பிக்கும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை அதில் இல்லை. துண்டு துண்டான காட்சிகள், இடையிடையே வெற்றிடம். ஒருவர் வருகிறார், ஏதோ பேசுகிறார், போய்விடுகிறார். சுவரில் ஒட்டிய அறிவிப்பு ஒன்று. ஓடிவந்த சிறுமியும் சிறுவனும் தம் பெற்றோரைப் பற்றிச் சொல்லும் அற்பமான குறைகள். சிதறிய வாழ்வைச் சிதறிய வடிவிலேயே வைத்துவிட்டார். கட்டுரையை நாம் இன்னும் கவிதைக்குக் கீழ்ப்பட்ட வேலைக்காரியாகவே நடத்துகிறோம் என்ற என் பழைய மனக்குறையை இங்கே மீண்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

இவ்வளவு காட்சிகளுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் அவர் தம் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறார். இந்தப் பிள்ளைகள் சமூகத்தை எதிர்த்துக் கிளர்ந்தவர்கள் அல்லர். சமூகத்தை அறியாமல் வளர்ந்தவர்கள். அத்தை, மாமன், அண்டை வீட்டார் என்ற வலை அறுந்துபோன குடும்பங்களில் வளர்ந்த அவர்களுக்கு வாழ்வின் விதிகளைச் சொல்லித்தர யாருமில்லை. அவர்களிடம் உள்ள சொற்களோ அதே சமூகத்தின் தேய்ந்த வாசகங்கள். தனக்கென்று சிந்திப்பதற்கு மொழியை ஆளத் தெரிந்திருக்க வேண்டும் என்பது டிடியனின் துணிபு. சொல்லை நம்பாத ஒரு தலைமுறையை அவர் அங்கே கண்டார். அரசியல் பேசிய எத்தனையோ ஆய்வுகளை விட இந்த ஒரு கணிப்பு ஆழமானது என்று கருதுகிறேன்.

பிறகு அந்தக் குழந்தை. ஒரு வீட்டுக் கூடத்தில் ஐந்து வயதுச் சிறுமி தரையில் அமர்ந்து படக்கதை படித்துக்கொண்டிருக்கிறாள். உதட்டில் வெள்ளைச் சாயம். அவளுக்கு எல்.எஸ்.டி. கொடுத்திருக்கிறார்கள், கொடுத்தவள் தாய். டிடியன் பதறவில்லை, கண்டிக்கவில்லை. அவளிடம் ஓரிரு கேள்விகள் கேட்கிறார், எழுதிக்கொள்கிறார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2017-இல் வெளியான ஆவணப்படத்தில் அக்கணத்தைப் பற்றிக் கேட்டபோது, சற்றே தயங்கி, அது தமக்குத் தங்கமாக வாய்த்தது என்ற பொருளில் விடையளித்தார். நான் இதனை மாணவியரிடம் சொல்லும்போது வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். எழுதாமல் அவளைத் தூக்கிச் சென்றிருக்க வேண்டும் என்பார் ஒரு சாரார். எழுதியதால்தானே அவளை நாம் அறிகிறோம் என்பார் மறுசாரார். இரண்டாண்டு முன்வரை நான் இரண்டாம் சாராரோடு இருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியில்லை. எழுதுவோர் எப்போதும் யாரையோ காட்டிக்கொடுப்பவர்களே என்ற கருத்தை டிடியனே தம் நூலின் முன்னுரையில் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லிவிட்டதால் குற்றம் தீர்ந்துவிடுவதில்லை.

அவர் காணாதது என்ன? அதே கட்டுரையில் முகத்தில் கரி பூசிய வெள்ளை நாடகக்காரர்கள் ஒரு கறுப்பரைச் சீண்டும் காட்சி வருகிறது. அவருடைய பொறுமை குறைவதை டிடியன் துல்லியமாகக் குறித்துக்கொள்கிறார். ஆனால் வளைகுடாவின் மறுகரையிலுள்ள ஓக்லண்டில், 1966 அக்டோபரிலேயே கறுஞ்சிறுத்தைகள் கட்சி தோன்றியிருந்தது. அந்த மாற்றம் அக்கட்டுரையின் பார்வைக்குள் வரவில்லை. அதை அறிய, 1963-இல் ‘தி ஃபயர் நெக்ஸ்ட் டைம்’ நூலை எழுதிய ஜேம்ஸ் பால்ட்வினிடம்தான் செல்ல வேண்டும். பால்ட்வின் தீயைப் பார்க்க வந்தவரல்லர். அந்த வீட்டுக்குள் வளர்ந்தவர்.

1979-இல் வந்த ‘தி ஒயிட் ஆல்பம்’ தொகுதியின் தலைப்புக் கட்டுரையில் டிடியன் சிறையிலிருந்த கறுஞ்சிறுத்தைத் தலைவர் ஹியூயி நியூட்டனைச் சந்திக்கிறார். தம்முடைய மனநல மருத்துவ அறிக்கையையே எடுத்து இடையில் வைக்கிறார். பிறரைக் காட்டிக்கொடுத்தவர் இம்முறை தம்மையும் காட்டிக்கொடுத்தார். சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியின் வேலைநிறுத்தமும் அதில் வருகிறது. 1968 நவம்பரில் கறுப்பின மாணவர் சங்கமும் மூன்றாம் உலக விடுதலை முன்னணியும் தொடங்கி, ஏறத்தாழ ஐந்து மாதம் நடத்திய போராட்டம் அது. டிடியனுக்கு அது பெரும்பாலும் ஒரு விளையாட்டாகவே தோன்றியது. அவருடைய எள்ளல் கூர்மையானதுதான். ஆனால் போராட்டத்தின் விளைவாக 1969-இல் அங்கே இனக்குழு ஆய்வுகளுக்கென்று தனிப்பள்ளி ஒன்று அமைந்தது. பின்னர்க் கல்லூரியாக வளர்ந்து இன்றும் பாடம் நடத்துகிறது. உடைவதை அவ்வளவு நுட்பமாகக் கேட்ட காதுக்கு முளைப்பதன் ஓசை எட்டவில்லை.

ஹைட்-ஆஷ்பரி இளைஞர்களே 1967 அக்டோபர் 6 அன்று ஹிப்பிக்கு இறுதி ஊர்வலம் நடத்தி, சவப்பெட்டியைத் தூக்கிச் சென்றனர். கட்டுரை அச்சாகி இரண்டு வாரமே ஆகியிருந்தது. அதை வெளியிட்ட இதழும் 1969 பிப்ரவரியில் நின்றுபோயிற்று. அந்தச் சிறுமி இன்று இருந்தால் அறுபதைக் கடந்திருப்பாள். கட்டுரையில் அவள் இன்னும் அந்தக் கூடத்துத் தரையில், படக்கதையிலிருந்து கண்ணெடுக்காமல் அமர்ந்திருக்கிறாள்.